மிஷின்காரன் தார்ப்பாய்

அவர் பெயரை எழுதக் கூடாது என்பது அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி. "பேரப் போட்டா படிக்கிறவங்க பாராட்டுவாங்க அண்ணாச்சி. பாராட்ட வச்சு நான் என்ன செய்ய?" என்றார். அதனால் பெயர் இல்லை. ஆண்டையும் குறிப்பிடவில்லை, ஆண்டைச் சொன்னால் சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். மாதம், கிழமை, மணி மூன்றும் என் நாட்குறிப்பில் உள்ளபடியே தருகிறேன்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். வீட்டு மொட்டை மாடியில் மழைமானி வைத்து, பத்தொன்பது வருடமாக அன்றன்றைய மழையைக் குறித்து வருகிறேன். மழையோடு, அன்று ஊரில் என்ன நடந்தது என்று இரண்டு வரியும் எழுதுவேன். இதை ஒரு பொருட்டாக மதித்து என் வீட்டுப் படியேறி வந்த முதல் ஆள் அவர்தான். ஆவணி மாதம், புதன்கிழமை, மாலை 5.40. முப்பது வயதுப் பெண். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, ராஜபாளையம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தார். மானாவாரிக் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் போடுகிறவர்களுக்கு அறுவடை மிஷின் வரவழைத்துக் கொடுக்கும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்.

"தை மாசத்துல எந்தெந்த வருசம், என்னைக்கு மழை பெஞ்சிருக்குன்னு வேணும் அண்ணாச்சி."

நோட்டுகளை எடுத்து வைத்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, மரியாதைக்காக, செயலியைக் காட்டச் சொன்னேன். காட்டினார். பச்சை நிறத்தில் அழகாகவே இருந்தது. "ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றேன்.

போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கதவைச் சாத்தியது போல இருந்தது.

"நல்லாயிருக்குன்னு சொன்னவங்க இதுவரைக்கும் எத்தனை பேர்னு நான் எண்ணுறதில்ல" என்றார். "நல்லாயில்லன்னு சொல்லுங்க, ஏன்னு கேக்கேன். இல்ல, போன தடவை அறுப்புக்கு நீங்க என்ன செஞ்சீயன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். இது ரெண்டும் இல்லாம நல்லாயிருக்குன்னா அதை நான் எந்தப் பக்கத்துல எழுத?"

எனக்கு நிலம் இல்லை, அறுப்பும் இல்லை. அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். மழை இல்லை.

அவருடைய நோட்டை நான் பார்த்தது ஐப்பசியில். நீளவாட்டுக் கணக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'நான் கூப்பிட்டது', வலப்பக்கம் 'அவங்க கூப்பிட்டது'. இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கத்தில் ஆறு பெயர்கள். அந்த ஆறு பெயரைத்தான் தன்னுடைய கம்பெனி என்று சொல்லிக்கொண்டார்.

மல்லிகைப் பூ விலையைப் போனில் காட்டும் செயலி செய்த இரண்டு இளைஞர்கள் ஒருமுறை அந்த அறைக்கு வந்திருந்தார்கள். இருவரும் ஒரே நிறச் சட்டை, அதில் தங்கள் செயலியின் படம்.

"அக்கா, மார்க்கெட்டுல நூறு பேருகிட்ட காட்டியாச்சு. எல்லாரும் சூப்பர்னுட்டாங்க."

"சரி தம்பி. அதுக்கப்புறம் யாரு உங்களுக்குப் போன் போட்டா?"

"நாங்கதான் போட்டோம்க்கா."

"ஆப்பு ஓடாம நின்னுட்டுன்னு கத்தி, வஞ்சு, யாராவது ஒரு ஆளு கூப்பிட்டிருக்கானா?"

"இல்லக்கா."

"அப்ப அது நேத்தே நின்னிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. போயி ஒரே ஒரு பூக்காரம்மாகிட்ட ஒரு வாரம் உக்காருங்க. எதையும் காட்டாதீய. அவங்க விலைய யாருகிட்ட கேக்காங்க, எத்தனை மணிக்குக் கேக்காங்க, கேட்டதை நம்புதாங்களா, அதை மட்டும் பாருங்க. சட்டை அப்புறம் தைச்சுக்கிடலாம்."

அவர்கள் முகம் வாடிப் படியிறங்கியதை நான் பார்த்தேன். கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். "தன்மையாத்தான அவங்ககிட்ட நூறு பேரும் சொல்லியிருக்காங்க" என்றார்.

நம் பக்கத்தில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகை வைத்தாலும், சீட்டு சேரச் சொன்னாலும், புது மாத்திரை விற்க வந்தாலும், "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்று காப்பி கொடுத்து அனுப்புவோம். அவர் முதல் வருடம் ஏமாந்தது இதில்தான். ஊர் ஊராகப் போய்ச் செயலியைக் காட்டி, சரி என்றவர்களை எல்லாம் எண்ணிக்கொண்டு மிஷினை வரவழைத்தார். நான்கு பேர்தான் வந்தார்கள். மிஷின்காரர் பாதி நாளில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். இருநூறு பேருக்கு மேல். விடிந்தால் ரோஜாப்பூ, முருகன் படம், காலை வணக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை என் கண் முன்னாலேயே ஒவ்வொருவராக நீக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் மட்டும் இருந்தார். குழுவை அழித்தார். இருநூறு பேரைச் சேர்க்க அவர் எத்தனை ஊர் அலைந்தார் என்று எனக்குத் தெரியும்.

"வணக்கம் போடுறவங்க வேற, அறுவடைக்கு வாரவங்க வேற அண்ணாச்சி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு வச்சா எனக்கே கண்ணு தெரியாது."

அதன் பிறகுதான் தார்ப்பாய் வந்தது.

மிஷின் உளுந்தை அடித்து, தொட்டி நிறைந்ததும் வரப்போரத்தில் விரித்த தார்ப்பாயில்தான் கொட்டும். எனவே எப்படியும் தார்ப்பாய் வேண்டும். அவர் சொன்ன விதி இவ்வளவுதான்: மிஷின் வேண்டும் என்கிறவர்கள் பத்து நாள் முன்கூட்டியே தங்கள் தார்ப்பாயை மடித்து, கொட்ட வேண்டிய இடத்தில் வைத்து, மேலே ஒரு கல் ஏற்றிவிட வேண்டும். வாய்ச்சொல் கணக்கில்லை. முன்பணமும் வேண்டாம். ஒரு வீட்டில் நல்ல தார்ப்பாய் ஒன்றுதான் இருக்கும். அதைக் காட்டில் போட்டுவிட்டு வருகிறவர், எலி கடித்ததா, எவனாவது எடுத்துப் போனானா என்று தினமும் போய்ப் பார்ப்பார். பார்க்கப் போகிறவர் பக்கத்துப் புஞ்சைக்காரரோடு பேசுவார்.

"என்கிட்ட பேச வேண்டாம். எனக்குத் தெரியாம அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்கன்னா அன்னைக்குத்தான் இது ஒரு கூட்டம்" என்பார்.

ஊரில் பெரிய புள்ளி ஒருவர், என் மச்சினனுக்கு வேண்டியவர், பன்னிரண்டு ஏக்கர்க்காரர், இந்த விதியைக் கேட்டுச் சிரித்தார். "நான் சொன்னா சொன்னதுதாம்மா. என் வார்த்தைக்கு மேல ஒரு தார்ப்பாயா?" இவர் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்க வார்த்தையக் காட்டுல வைக்க முடியாது அண்ணாச்சி, தார்ப்பாய வைக்கலாம்" என்றார். அந்தப் பன்னிரண்டு ஏக்கரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. என் மச்சினன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இரண்டாம் வருடம் மார்கழிக் கடைசியில் அவருடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். இளையரசனேந்தலிலிருந்து திருவேங்கடம் போகும் வழியில், ரோட்டிலிருந்து ஓடை வரைக்கும் ஒரே தொடர்ச்சியான புஞ்சை. கரிசலில் அங்கங்கே நீலச் சதுரங்கள். முதல் நாள் ஒன்பது. நான்காம் நாள் இருபத்திரண்டு. பக்கத்துப் புஞ்சையில் தார்ப்பாயைப் பார்த்தவர்கள் தாமாகவே வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தார்கள். வலப்பக்கப் பெயர்கள் முதன்முதலாக ஒரு பக்கத்தைத் தாண்டின. தை பிறந்தபோது முப்பத்தெட்டு. முதல் தார்ப்பாயை வைத்தவர் ஓடையை ஒட்டிய புஞ்சைக்காரர் சுப்புத்தாய். நாற்பத்தைந்து வயது. கணவர் வெளிநாட்டில் டிரைவர். பேச்சில் யாருக்கும் பாக்கி வைக்காத ஆள்.

மிஷின் வெள்ளிக்கிழமை காலை வரும் என்று செயலிக்காரப் பெண் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பி முப்பத்தெட்டு வீட்டாரும், செடியைக் கையால் பிடுங்க வருவதாக இருந்த கூலியாட்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்கள் ராயகிரிப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். உளுந்து நெற்று கறுத்து, தொட்டால் வெடிக்கும் பதத்தில் நின்றது. அந்த நேரம் ஒரு மழை பெய்தால் நெற்றிலேயே முளைத்துவிடும்.

புதன்கிழமை காலை காற்று கீழைக்காற்றாக மாறியது. என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் போனேன். "மழை சனிக்கிழமை தாண்டாதும்மா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை மிஷின் வந்துரும் அண்ணாச்சி. ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்."

வியாழக்கிழமை மதியம் 2.15. புஞ்சையில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எந்த வரிசையில் மிஷின் இறங்குவது என்று அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அன்று கொஞ்சம் பெருமை இருந்தது. அதுவரை நான் கேட்டிராத குரல். சுப்புத்தாய் இடுப்பில் கை வைத்து எல்லாவற்றையும் கேட்டார்.

"எல்லாஞ் சரிதான் தாயி. எங்க தார்ப்பாய் பூராவும் இங்கன கெடக்கு. மிஷின்காரன் தார்ப்பாய் எங்கன கெடக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். "யக்கா, அவன் தார்ப்பாய வச்சு என்ன செய்வான், மிஷினுக்குப் போத்தியா விடுவான்?" என்று ஒருவர் கேலி செய்தார்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். முப்பத்தெட்டுப் பேரிடம் வாய்ச்சொல் வேண்டாம் என்றவர், மிஷின்காரரிடம் வாங்கி வைத்திருந்தது வெறும் வாய்ச்சொல்தான்.

அங்கேயே போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்தார், மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"சொல்லுங்க மேடம்."

"வண்டி கிளம்பிட்டா?"

"வந்துடுவோம் மேடம். அதெல்லாம் பார்த்துக்கலாம்."

குரலுக்குப் பின்னால் மிஷின் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இப்ப எங்க ஓடுது?"

"விளாத்திகுளத்துக்கு அந்தாண்ட. இங்க கொஞ்சம்தான் மேடம் பாக்கி."

"கொஞ்சம்னா எத்தனை நாளு?"

"மூணு நாள் ஆகும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர், "ஆளையும் அனுப்பியாச்சு, மிஷினும் இல்ல. வெளங்கும்!" என்றார். இன்னொருவர், "கம்ப்யூட்டர் படிச்சவ பேச்சைக் கேட்டோம் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் நின்ற ஒருவர் அவரைப் பார்த்துச் சொன்னது எழுதத் தக்கதல்ல.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார் அவர். சத்தமாகத்தான் சொன்னார். "உங்ககிட்ட கேட்டதை அவர்கிட்ட கேக்கல. வீட்டு ஆளுகளை வச்சுப் பிடுங்க முடிஞ்சவங்க இப்பவே ஆரம்பிச்சிருங்க. நான் மிஷினோட வாரேன்." ஸ்கூட்டர் சாவியையும் மடிக்கணினிப் பையையும் சுப்புத்தாயிடம் நீட்டினார். "இது இங்கன இருக்கட்டும்க்கா."

சுப்புத்தாய் வாங்கிக்கொண்டார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

வாடகைக் காரில் நானும் போனேன். 4.50க்கு அந்த இடத்தை அடைந்தோம். அங்கேயும் கறுத்த நெற்று, அங்கேயும் வானத்தைப் பார்த்து நிற்கும் ஆட்கள். மிஷினை மறித்து இழுத்து வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தப் புஞ்சைக்காரர்களை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மிஷின்காரரிடம், "இவங்க வேலையக் கெடுக்க வேண்டாம். உங்ககிட்ட ரெண்டு மிஷின்னு சொன்னீங்களே, இன்னொண்ணு எங்க?" என்று கேட்டார்.

கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் நின்றது. பெல்ட் அறுந்து மூன்று நாள். அந்த அளவு பெல்ட் அங்கே கிடைக்கவில்லை, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

"பெல்ட் கெடைச்சா டிரைவர் உண்டா?"

"டிரைவர் சும்மாதான் இருக்கான் மேடம்."

"அவரை இப்பவே பட்டறைக்கு வரச் சொல்லுங்க. என் முன்னால போன் போடுங்க."

அறுந்த பெல்ட்டின் எண்ணை வாங்கிக்கொண்டு மதுரையில் பெல்ட் வாங்கி அனுப்ப ஆள் பிடித்தார். வெள்ளிக்கிழமை காலை 9.30க்கு பெல்ட் பட்டறைக்கு வந்தது. மாட்டி முடிக்க மதியம் ஒன்றரை. மிஷினை லாரியில் ஏற்றியபோது அவரும் லாரியிலேயே ஏறிக்கொண்டார். நான் காரில் பின்னால் வந்தேன். புஞ்சையில் இறங்கியபோது மாலை 3.50. சொன்ன நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு பகல் தாமதம். யாரும் வரவேற்கவில்லை. ரோட்டோரத் தார்ப்பாயை ஒருவர் மெல்ல விரித்தார்.

சனிக்கிழமை விடியலிலிருந்து மிஷின் நிற்கவில்லை. ரோட்டிலிருந்து ஓடையை நோக்கி ஒவ்வொரு நீலச் சதுரமாக விரிந்தது. இடையில் தாண்டிப் போக வழியில்லை. புஞ்சை வரிசைப்படிதான் மிஷின் இறங்க முடியும். மதியத்துக்கு மேல் கிழக்கே வானம் ஈயமாகிவிட்டது. மிஷின் இருபத்தெட்டாவது புஞ்சையில் இருந்தது. அவர் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். ஓடையோரத்தில் சுப்புத்தாயும் அவர் மகளும் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

3.40க்கு முதல் துளி. முப்பத்தொன்றாவது புஞ்சையின் கடைசிச் சால். பத்து நிமிடத்தில் கரிசல் களியாகி, மிஷின் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை என் மழைமானியில் 34 மில்லிமீட்டர்.

ஏழு புஞ்சை மிச்சம். கடைசிப் புஞ்சை சுப்புத்தாயுடையது. கையால் பிடுங்கியது கால்வாசி இருக்கும். தார்ப்பாய் அதன் மேல் போர்த்தியிருந்தது. மீதி உளுந்து மூன்றாம் நாள் நெற்றுக்குள்ளேயே வெள்ளையாக முளைவிட்டது.

மழையிலேயே அவர் ஓடை வரைக்கும் நடந்து போனார். நானும் போனேன். சுப்புத்தாய் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து நீட்டினார்.

"வண்டியையும் வீட்டுல இருக்க பையையும் எடுத்துக்கிட்டுப் போ. வாரேன்னு சொன்ன, வந்துட்ட. அது போதும்." புஞ்சையைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா என் உளுந்து போச்சுல்லா."

மறுநாளிலிருந்து எட்டு நாள் அவர் அந்த ஏழு புஞ்சையிலும் தேறியதைப் பிடுங்கினார். கை புண்ணாகிவிட்டது. அறைச் சுவரில் ஏழு பெயரையும் எழுதி ஒட்டினார். வந்தவர்கள் எல்லாம் மழை யார் கையில் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "மழை சனிக்கிழமைதான் வந்துச்சு. நான் வெள்ளிக்கிழமை காலைலன்னு சொல்லியிருந்தேன்."

அடுத்த வருடம் கார்த்திகையிலேயே முப்பத்தொரு பேரும் அவரை அழைத்துவிட்டார்கள். அவர் கூப்பிடவில்லை, வலப்பக்கம்தான் நிரம்பியது. பூ விலைச் செயலி இளைஞர்களில் ஒருவனும், சட்டையில் படம் இல்லாமல் வந்து, பூக் கமிஷன் கடை ஒன்றில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் அந்த ஏழு பேரிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

"நீயே ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசேன்" என்றேன்.

"நான் கூப்பிட்டா சரின்னு சொல்லிருவாங்க அண்ணாச்சி. அந்தச் சரிய வச்சு நான் என்ன செய்ய? அவங்க வரலன்னா, முப்பத்தொண்ணு இருந்தும் இதை நடத்த எனக்கு யோக்கியதை இல்ல. மூடிருவேன்."

சும்மா சொல்கிறாரா என்று பார்த்தேன். அறையைக் காலி செய்வதாக ஜெராக்ஸ் கடைக்காரரிடம் தை முடிய நாள் சொல்லி வைத்திருந்தார்.

மார்கழி மாதம், திங்கட்கிழமை. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு பெரிய வட்டக் கட்டு. மிஷினின் மாற்றுப் பெல்ட்டுகள், புதுசு, ஒரு முழு செட். மிஷின்காரரிடம் போய் மூன்று நாள் உட்கார்ந்து வாங்கி வந்திருந்தார். இது இல்லாமல் அறுப்புக் காலத்தில் மிஷின்காரர் வண்டியை வெளியே எடுக்கத் துணிய மாட்டார். எடுக்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

நேராகச் சுப்புத்தாய் வீட்டு வாசலில் நிறுத்தினார். சுப்புத்தாய் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்னதிது, பாம்பு மாதிரி?"

"மிஷின்காரர் தார்ப்பாய்க்கா. உங்க வீட்டுல இருக்கட்டும். அறுப்பு அன்னைக்கு அவரே வந்து உங்ககிட்ட வாங்கிக்கிடுவாரு."

சுப்புத்தாய் புளிக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெல்ட்டை எடுத்தார். இழுத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். "அவன் வீட்டுல வேற ஒரு செட்டு வச்சிருந்தாம்னா?"

"இல்லன்னு பாத்துட்டுத்தான் வாரேன். குடோன்ல ஏறிப் பாத்தேன்."

சுப்புத்தாயின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியாது. பெல்ட்டுகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, மறுபடி புளியில் உட்கார்ந்துவிட்டார். உளுந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. காப்பிகூடக் கொடுக்கவில்லை. காப்பி கொடுக்காதது நல்லது என்று திரும்பும் வழியில் அவர் சொன்னார்.

அதன் பிறகு பதினோரு நாள். தினமும் காலையில் அந்த ரோட்டில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். ரோட்டுப் பக்கம் நீலம் கூடிக்கொண்டே போனது. ஓடைப் பக்கம் வெறும் கறுப்பு.

அந்தப் பெண் அதன் பிறகு மூன்று வருடம் இங்கே இருந்தார். பிறகு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். இப்போது அந்தப் புஞ்சைக்காரர்களே மிஷினை வரவழைத்துக்கொள்கிறார்கள். செயலியை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தார்ப்பாய் மட்டும் வைக்கிறார்கள். பெல்ட் வருடா வருடம் ஓடையோர வீட்டுக்குப் போகிறது.

பெல்ட்டைக் கொடுத்த பன்னிரண்டாம் நாளான சனிக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இரண்டே வரிகள்:

மழை இல்லை.

காலை 7.05, ஓடையோரம் தார்ப்பாய் ஒன்று. மேலே இரண்டு கல்.